படுகளத்தில் வாங்கிய அடி

மேட்டுத் தெருவில் எந்தச் சேதியும் முதலில் ஊரைச் சுற்றும். யாரைப் பற்றிய சேதியோ, அவர் வீட்டுக்குக் கடைசியாகத்தான் வந்து சேரும். சுவாதி விஷயத்திலும் அந்த முறை தவறவில்லை. பால் வாங்கப் போன அவள் அம்மா அஞ்சலையிடம் பால்காரர் வழக்கத்தைவிடப் பிரியமாகப் பேசினார். ரேஷன் கடை வரிசையில் நின்ற பெண்கள் அவளைக் கண்டதும் சட்டென்று தக்காளி விலைக்குத் தாவினார்கள். செஞ்சியில் ஒருத்தியைப் பார்த்ததும் பேச்சு தக்காளிக்குத் தாவினால், அதற்கு முந்தின நொடி வரை அங்கே ஓடியது அவள் வீட்டுக் கதை என்று எடுத்துக்கொள்ளலாம். அஞ்சலைக்கு அந்தச் சூட்சுமம் தெரியாது. தக்காளி நிஜமாகவே ஏறிவிட்டது என்று கவலைப்பட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

சுவாதிக்குத் தெரிந்தது காலேஜுக்குப் போகிற டவுன் பஸ்ஸில். திண்டிவனம் ரோட்டில் இருக்கிற ஒரு தனியார் கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறாள். முன்சீட்டுப் பெண்கள் இருவர் போனைப் பார்ப்பதும் அவளைத் திரும்பிப் பார்ப்பதுமாக வந்தார்கள். துப்பட்டா எங்காவது கிழிந்திருக்கிறதோ என்று தடவிப் பார்த்துக்கொண்டாள். கிழியவில்லை. வல்லம் தாண்டுவதற்குள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அது வந்து விழுந்தது.

சில நொடிகள் ஓடுகிற வீடியோ. சுவாதி தலைகுனிந்து நிற்கிறாள். சிவப்புப் புடவை கட்டிய ஒரு பொம்பளை, தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு, துடைப்பத்தால் அவள் முதுகிலும் தலையிலும் மாறி மாறி அடிக்கிறாள். முகமும் முதுகும் மட்டும் தெரிகிற மாதிரி நெருக்கி வெட்டியிருந்தார்கள். மேலே யாரோ கெக்கெக்கென்று சிரிக்கிற சத்தத்தை ஒட்டியிருந்தார்கள். கீழே பெரிய எழுத்தில், 'கல்யாணமான ஆள்கிட்ட பல்லைக் காட்டினா பொண்டாட்டி குடுக்கிற பரிசு.'

செருப்படியைக்கூட மறந்துவிடுவார்கள், துடைப்பத்தடியை மறக்க மாட்டார்கள். பார்த்தவர்கள் யாருக்கும் சந்தேகமே வராது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் 'பொண்டாட்டி' ஓர் ஆண்பிள்ளை. மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்கிற வீரமணி. ஆனி மாசம் அம்மன் கோயில் தீமிதித் திருவிழாவில் நாள்கணக்காகக் கூத்து நடக்கும். கடைசி நாள் காலையில் படுகளம். போரில் செத்து விழுந்த ராஜாவை ஊரே ஏறி நடக்கிற அளவுக்கு மண்ணால் படுக்க வைத்திருப்பார்கள். அவனைப் பெற்ற ராணியம்மா, வீரமணி கட்டுகிற வேஷம் அது, மாரில் அடித்துக்கொண்டு வந்து, துடைப்பத்தை எடுத்து எதிரில் நிற்கிறவர்களை எல்லாம் வெளுப்பாள். அது அவமானமில்லை, ஆசீர்வாதம். அந்த அடி பட்டால் பயம் போகும், காய்ச்சல் போகும், கண்பட்டது கழியும். அதற்காக ஜனங்கள் வரிசையில் நின்று முதுகைக் காட்டுவார்கள். வார்டு கவுன்சிலர் வாங்கினார். ரிட்டயர்டு தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வாங்கினார். எதிர்வீட்டு அம்மாக்கண்ணு மூட்டு வலிக்கென்று முழங்காலைக் காட்டி வாங்கினாள். கூட்டத்தில் நெருங்க முடியாமல் அடிபடாமல் திரும்பியவர்கள்தான் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள்.

சுவாதிக்கு அந்த மாசம் காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. அஞ்சலை கூப்பிட்டாள், அவள் மாட்டேன் என்றாள். பிறகு எழில் வந்து, நானும் வாங்கிக்கறேன் வாடி என்று கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் போனாள். எழில் அதே தெரு, அதே வகுப்பு, அதே பஸ். வளர்மதியின் மகள். ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவரையும் தனித்தனியாகப் பார்த்தவர்கள் தெருவில் குறைவு. ஒருத்திக்கு அம்மை போட்டபோது மற்றவளும் வேண்டுமென்றே போய்ப் பக்கத்தில் படுத்து வாங்கிக்கொண்டாள் என்று ஒரு கதை உண்டு. பொய்யாக இருக்கலாம். ஆனால் நம்பும்படிதான் இருக்கும்.

பஸ்ஸில் எழில்தான் சுவாதியின் போனைப் பிடுங்கி, பாக்காதடி, பாக்காத என்று அணைத்து வைத்தாள். சுவாதி அழுவதற்கு முன்பே அவள் அழுதாள்.

அன்றே சுவாதி குரூப்பில் விளக்கமாக எழுதிப் போட்டாள். இது எங்கள் ஊர்த் திருவிழா, அடிக்கிறவர் கூத்தில் வேஷம் கட்டிய ஆள், இது வேண்டுதல் என்று. அதற்கு வந்த பதில்கள் அவளை அங்கேயே உட்கார வைத்துவிட்டன. 'ஆமா ஆமா, சாமிதான் அடிச்சது, நம்பிட்டோம்' என்றது ஒன்று. 'சாமிக்கும் புருசன் இருக்கார்ல' என்றது இன்னொன்று. அதற்குக் கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள் வரிசையாக. அந்த வகுப்பில் தீமிதி நடக்கிற ஊர்ப் பெண்கள் இல்லாமல் இல்லை. அதில் ஒருத்தி போன வருஷம் தன் ஊர்ப் படுகளத்துக்குச் சுவாதியைக் கூப்பிட்டவள். அவளும் ஒரு மஞ்சள் மூஞ்சி போட்டிருந்தாள். வகுப்பாசிரியையிடம் போய்ச் சொன்னதற்கு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனைக் குறைக்க வேண்டும் என்று பொதுவாக ஓர் அறிவுரை கிடைத்தது.

தெருவின் லட்சணம் அதைவிட நேர்த்தி. வீடியோ வந்து சேராத போன் மேட்டுத் தெருவில் இல்லை. அடி வாங்கின அத்தனை பேருக்கும் வந்தது. யாரும் அனுப்பினவனைத் திருப்பிக் கேட்கவில்லை, இது படுகளம்டா என்று. பார்த்தார்கள், ஐயோ பாவம் என்றார்கள், அடுத்தவருக்கு அனுப்பினார்கள். வீரமணிக்கே போயிற்று. மனுஷன் அதைக் கடையில் கத்தரிக்காய் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, என்னைப் பொம்பளைன்னே நெனச்சிட்டானுங்க பாரு, வேஷம்னா இப்படி இருக்கணும் என்று பூரித்துப் போனான். நீ யார் என்று நீயே ஒரு வார்த்தை சொல்லிவிடேன் என்று அஞ்சலை போய்க் கேட்டதற்கு, சொன்னா வேஷத்தோட மரியாதை போயிடுமே அக்கா என்றான்.

வீட்டில் அப்பா பொன்னுசாமிக்கு விஷயம் பனமலையிலிருந்து வந்தது. அங்கே ஒரு சொந்தம் சுவாதியைப் பெண் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் போன் செய்து, ஒன்றுமில்லை, சும்மா நலம் விசாரிக்கத்தான் என்றார்கள். யாரும் சும்மா நலம் விசாரிக்க மாட்டார்கள் என்பது பொன்னுசாமிக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு, காலேஜுக்குக் கொஞ்ச நாள் போக வேண்டாம், அடங்கட்டும் என்று மகளிடம் சொன்னார்.

கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று சுவாதிக்கு நன்றாகத் தெரியும். அம்மாக்கண்ணுவின் மகளை இதே மாதிரி கொஞ்ச நாள் என்றுதான் நிறுத்தினார்கள். அவளுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தால் வருகைப்பதிவு போகும், அதோடு பரீட்சை போகும், பிறகு பனமலைக்காரர்கள் மனசு மாறிப் பெரிய மனசாக வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். அவளுக்குக் காலேஜுக்குத் திரும்பிப் போக வேண்டும். அதற்குமேல் அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"நைனா, அன்னைக்கு நீதான கமிட்டி பேட்ஜ் குத்திக்கினு பக்கத்துல கூட்டத்த மறிச்சிக் கயிறு புடிச்சிக்கினு நின்ன. அது இன்னான்னு உனக்குத் தெரியுமில்ல?"

"எனக்குத் தெரியும்மா. ஊருக்குத் தெரியணுமே."

"ஊரும் அங்கதான நின்னுச்சு."

பொன்னுசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லைக்குத் தண்ணி கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று கொல்லைக்குக் கரண்ட் வருகிற நேரமில்லை. அவர் கெட்டவர் இல்லை. பத்துப் பேர் சேர்ந்து பேசுகிற பொய்யை விட ஒருத்தர் மட்டும் எழுந்து சொல்கிற உண்மைதான் அவருக்கு அதிகப் பயம் தந்தது. அவ்வளவுதான். ஆனால் சுவாதிக்கு அதிகம் வலித்தது இதுதான். குரூப்பில் அத்தனை பேர் சிரித்தபோதுகூட அப்படி வலிக்கவில்லை.

எழுத்தில் சொன்னால் நம்ப மாட்டார்கள், வெட்டாத முழு வீடியோ கிடைத்தால் நம்புவார்கள் என்று அவளுக்குப் பட்டது. மண்ணில் படுத்த ராஜா, வரிசை, கூப்பிய கை, கோவிந்தா என்கிற கூட்டம் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் எடுத்தது யார்? அன்று படுகளத்தில் சாமி கும்பிட்ட கைகளைவிடப் போன் பிடித்த கைகள்தான் அதிகம்.

எழில் தான் விசாரித்து வந்ததாகச் சொன்னாள். விமல்ராஜ் வேலையாகத்தான் இருக்கும் என்றாள். விமல்ராஜ் திருவண்ணாமலை ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கிறவன். 'செஞ்சி அலப்பறை' என்று இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் நடத்துகிறான். கோட்டைக்கு வருகிற ஜோடிகள் குடைக்குள் ஒளிவது, பேருந்து நிலையத்துக் குடிகாரர்களின் சண்டை, கல்யாண வீட்டில் பாயசம் கொட்டினது எல்லாம் அதில் வரும். இதுவும் அதில் வந்திருந்தது. ஏகப்பட்ட பேர் பார்த்திருந்தார்கள்.

சுவாதி நேரே கடைக்குப் போனாள். எழில் வரவில்லை, தலைவலி என்றாள். ரீசார்ஜுக்கு நின்ற கூட்டத்துக்கு நடுவில், உன் தங்கச்சியா இருந்தா இப்படிப் போடுவியா, சோறுதான் திங்கிறியா என்றெல்லாம் சுவாதி கேட்டுவிட்டாள். விமல்ராஜ் கோபப்படவில்லை. அவன் தொழிலில் கோபம் லாபமில்லை.

"நான் எடுக்கல தங்கச்சி. எனக்கு வரும்போதே வெட்டித்தான் வந்துச்சு, எழுத்தோட வந்துச்சு. நீ வேணா கீழ கமெண்ட்ல உன் பக்கத்த எழுது. மேல தூக்கி வெக்கறேன்."

"அத எடுத்துடுண்ணா."

"எடுத்துடலாம். நல்லா ஓடிக்கினு இருக்குது, நாளான்னிக்கு எடுத்துடறேன்."

மறுநாள் காலையில் அந்தப் பக்கத்தில் அவள் கடையில் கத்திய வீடியோவும் வந்திருந்தது. அதற்கும் நிறையப் பேர் விருப்பக்குறி போட்டிருந்தார்கள்.

உண்மை வெளியே வந்தது அம்மாக்கண்ணுவால். அவள் எதிர்வீடு. அவளுக்குத் தெரியாமல் மேட்டுத் தெருவில் குழம்பு தாளிக்க முடியாது. அவளுடைய போனில் குட்மார்னிங் படங்கள் நிரம்பி வழிந்து, அது அடிக்கடி செத்துப் போகும். எதையும் அழிக்க மாட்டாள், வந்த சாமி படத்தை அழித்தால் பாவம் என்பாள். அன்று போன் மறுபடி நின்றுபோக, கொஞ்சம் பாரு பொண்ணே என்று சுவாதியிடம் கொண்டுவந்தாள். வந்தவள் சும்மா இருக்காமல், ஊர் உன்னப் பத்தி இன்னா பேசுது தெரியுமா என்று ஒவ்வொன்றாக எடுத்து விளம்பினாள். படங்களை ஒதுக்கிக்கொண்டே வந்த சுவாதி, ஓரிடத்தில் நின்றாள்.

அதே வீடியோ. எழுத்து இல்லை. நெருக்கி வெட்டவில்லை. கூப்பிய கை தெரிந்தது. சுவாதிக்குப் பின்னால் வரிசை தெரிந்தது. ஓரத்தில் அம்மாக்கண்ணு கன்னத்தில் போட்டுக்கொள்வதும் தெரிந்தது. சத்தம் இருந்தது. மேளம், கோவிந்தா, ராணியம்மாவின் ஒப்பாரி. அத்தனைக்கும் மேலே, போனுக்கு வாய் பக்கத்தில் இருந்தால்தான் அப்படிக் கேட்கும், ஒரு குரல்: "முடிய ஒதுக்குடி சுவாதி, மூஞ்சே தெரியல."

வீடியோவில் சுவாதி முடியை ஒதுக்குகிறாள். அந்த நேரத்தில் அம்மா சொன்னதாக நினைத்துத்தான் ஒதுக்கினாள்.

"இது யார் அனுப்புனது பெரிம்மா?"

"எழிலுதான். நான் படத்துல ஓரமா விழுந்திருக்கேன்ல, அதுக்காவ கேட்டு வாங்கினேன். என் மருமவளுக்கு அனுப்பறதுக்கு."

"எழில் எடுத்தான்னு உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"எதிர்லதான நின்னுக்கினு இருந்தேன், தெரியாம இன்னா?"

"இத்தினி நாளா சொல்லவே இல்லியே."

"நீ கேக்கவே இல்லியே," என்றாள் அம்மாக்கண்ணு. கேட்காததையெல்லாம் ஊருக்குச் சொல்கிறவள், இந்த ஒன்றில் மட்டும் அவ்வளவு நாசூக்கு.

சுவாதி அந்த வீடியோவைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். அப்போதே குரூப்பில் போட்டிருக்கலாம். போட்டால் அந்தக் குரலும் எல்லாருக்கும் போகும். அதனால் போடவில்லை. எழில் தன் கையாலேயே முழு வீடியோவைப் போட்டுவிட்டால் இருவருக்கும் மரியாதை என்று நினைத்தாள். இன்னமும் அவளுக்காக யோசித்தாள் என்பதுதான் இதில் பரிதாபம்.

எழில் வீட்டு வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வளர்மதி உள்ளே சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள், அல்லது பார்ப்பதாகச் சத்தத்தை வைத்துவிட்டுக் காதை இங்கே வைத்திருந்தாள். சுவாதி போனை எழிலின் காதருகில் பிடித்து ஓடவிட்டாள். எழிலின் கையிலிருந்த சுடிதார் மண்ணில் விழுந்தது.

எழில் மறைக்கவில்லை. அழுதுகொண்டே சொன்னாள். வகுப்பில் நாலு பேர் சேர்ந்து தனியாக ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள், சுவாதி அதில் இல்லை. பாண்டிச்சேரியிலிருந்து வருகிற அமலா ஆரம்பித்தது. அதில் சும்மா, எங்க ஊர்த் திருவிழா என்று காட்டுவதற்காகப் போட்டாள். திருவிழா என்று எழுதுவதற்கு முன்பே அமலா அந்த வாசகத்தை எழுதிவிட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எழிலும் ஒரு மஞ்சள் மூஞ்சி போட்டாள். அடுத்த நாள் அமலா அதை நெருக்கி வெட்டி, வாசகத்தையும் சிரிப்பையும் ஒட்ட, அது வகுப்பு குரூப்புக்குப் போய்விட்டது.

"அது பொய்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா, நீயும் அடி வாங்குனியான்னு கேப்பாளுங்கடி."

அதுதான் விஷயம். வரிசையில் சுவாதிக்கு அடுத்த ஆள் எழில். தன் முறை வந்ததும் ஓடிக்கொண்டிருந்த போனை வளர்மதியிடம் கொடுத்துவிட்டு முன்னால் போனாள். துடைப்பம் மேலே பட்டதும் அவளுக்கு அருள் மாதிரி வந்துவிட்டது. மண்ணில் விழுந்து, முடி அவிழ்ந்து, குழறி அழுது, நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். அது முழுக்க அந்த வீடியோவில் இருந்தது. அமலாவிடம் அதைக் காட்டுவதைவிடச் செத்துப் போகலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தன் முறை தொடங்குகிற இடத்தில் வெட்டிவிட்டு, சுவாதியை மட்டும் அனுப்பினாள். அம்மாக்கண்ணுவுக்குப் போனதும் அந்தத் துண்டுதான்.

"விமல் அண்ணன்னு ஏன்டி சொன்ன?"

எழில் கீழே விழுந்த சுடிதாரை எடுத்து மண்ணைத் தட்டினாள். யாரையாவது சொல்ல வேண்டியிருந்தது, சொன்னாள்.

சுவாதிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. விமல்ராஜ் கடையில் கத்தியதுபோல் இங்கே கத்தவில்லை. முழு வீடியோவை நாளைக்குள் நீயே குரூப்பில் போடு, உன் பேரைக் கெடுக்கிற மாதிரி நான் ஒன்றும் செய்ய மாட்டேன், எனக்குக் காலேஜ் போகணும் என்று மட்டும் சொன்னாள். எழில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மன் மேல சத்தியமா போடறேன்டி என்றாள். உள்ளே சீரியல் சத்தம் கொஞ்சம் குறைந்து, மறுபடி ஏறியது.

மறுநாள் எழிலே தேடிக்கொண்டு வந்தாள். முகம் தெளிந்திருந்தது. கையில் வளர்மதி கொடுத்தனுப்பிய கொழுக்கட்டை. செஞ்சியில் ஒரு வீட்டிலிருந்து காரணமில்லாமல் கொழுக்கட்டை வந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டேன்டி. போன்ல இருந்தது, அம்மா போன்ல இருந்தது, எல்லாம். உனக்காவத்தான். இனிமே எங்கிட்டேர்ந்து யாருக்கும் போவாது."

சுவாதி கொழுக்கட்டையைக் கையில் வாங்கவில்லை. தன்னைக் காப்பாற்ற இருந்த ஒன்றை அழித்துவிட்டு, அதையே தனக்குச் செய்த உபகாரமாகப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து நீட்டுகிறாள். அதை எழில் நிஜமாகவே நம்புகிறாள் என்பதுதான் பயங்கரம். எழிலின் கண்ணில் கள்ளம் இல்லை. ராத்திரி அவள் அம்மாவும் அவளும் உட்கார்ந்து பேசி, இது சுவாதிக்கும் நல்லதுதான் என்று தங்களுக்குள் தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொழுக்கட்டைய அம்மாகிட்ட குடுத்துட்டுப் போ," என்றாள் சுவாதி.

எழில் தெருவைத் தாண்டுவதற்குள், சுவாதி அம்மாக்கண்ணுவிடமிருந்து வாங்கிய வீடியோவை வகுப்பு குரூப்பில் போட்டாள். விளக்கம் எழுதவில்லை. 'சத்தத்தோட கேளுங்க' என்று மட்டும் எழுதினாள். பிறகு அப்பாவிடம் போய், நாளையிலிருந்து காலேஜ் போகப் போகிறேன் என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். பொன்னுசாமி வாயைத் திறந்தார். அஞ்சலை அடுக்களையிலிருந்தபடியே, போவட்டும், அன்னைக்கு நீ கயிறு புடிச்ச லட்சணத்தப் பாத்தேன் என்றாள். திறந்த வாயைப் பொன்னுசாமி மூடிக்கொண்டார்.

குரூப்பில் எல்லாரும் அதைச் சத்தத்தோடு கேட்டார்கள். பிறகு தன் ஊர்ப் படுகளத்துக்குக் கூப்பிட்ட பெண் முதலில் வந்தாள். எங்க ஊர்லயும் இப்படித்தான், நான் அப்பவே நெனச்சேன் என்று எழுதினாள். அப்போதே நினைத்தவர்கள் அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். இரண்டு பேர் சாரி சொன்னார்கள். அப்புறம் யாரோ கேட்டார்கள், பேசறது யார் குரல், எழிலா?

அவ்வளவுதான். காற்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 'முடிய ஒதுக்குடி' என்பதை அமலா ஸ்டிக்கராகச் செய்து போட்டாள், எழிலின் வாய் பிளந்த ஒரு பழைய போட்டோவோடு. முதல் வாசகம் எழுதியவளும் அவள்தான் என்பதை யாரும் கேட்கவில்லை. அதை ஞாபகம் வைத்திருந்தவர்கள் ஸ்டிக்கரை அனுப்புவதில் மும்முரமாக இருந்தார்கள். கூடவே இருந்து குழி பறிச்சவ என்றாள் ஒருத்தி. மூஞ்சப் பாரு என்றாள் இன்னொருத்தி. சுவாதிக்குத் தனியாகவும் வந்தன. அவ இப்படின்னு நெனைக்கவே இல்லடி, நீ ரொம்ப பாவம்டி.

பொய் சொல்வானேன், சுவாதிக்கு இனித்தது. ஸ்டிக்கரைப் பார்த்தாள். வாய் பிளந்த எழிலைப் பார்த்ததும் சிரிப்புகூட வந்தது. அவள் கட்டைவிரல் தானாக மஞ்சள் மூஞ்சிகள் இருக்கிற இடத்துக்குப் போயிற்று. கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மூஞ்சி முதலிலேயே இருந்தது, தேட வேண்டியதில்லை. விரலை வைக்கப் போனவள் நிறுத்தினாள். எழிலும் அந்த நாலு பேர் குரூப்பில் இப்படித்தான் போட்டிருப்பாள். யோசிக்கக்கூட அவகாசம் வேண்டாம், அவ்வளவு கிட்டே வைத்திருக்கிறார்கள்.

எழுதினாள். எழுதியதை இரண்டு தடவை அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

'எடுத்தது எழில். அத நான் அவகிட்ட பேசிக்கறேன். கேப்ஷன் எழுதுனது அமலா. இங்க இருக்கற எல்லாரும் சிரிச்சீங்க, தெரிஞ்சவங்களும் சிரிச்சீங்க. ஸ்டிக்கர இப்ப எடுக்கணும். எடுக்கலன்னா முதல் நாள்லேர்ந்து எல்லா ஸ்கிரீன்ஷாட்டும் நாளைக்கு பிரின்சிபால் டேபிள்ல இருக்கும்.'

அமலா ஸ்டிக்கரை எடுத்தாள். ஜோக்கைக்கூடப் புரிஞ்சுக்க மாட்டேங்கறா என்று எழுதிவிட்டு எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் எழிலிடமிருந்து தனியாக வந்தது. 'தேங்க்ஸ்டி. என்ன காப்பாத்திட்ட. நாளைக்கு பஸ்ல எடம் போட்டு வெக்கறேன்.'

சுவாதி அதைப் படித்தாள். படித்தாள் என்பதற்கான நீலக் குறி விழுந்தது. பதில் போகவில்லை.

காலையில் பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் மேட்டுத் தெருவே ஏதோ ஒரு வேலையாக வாசலில் நின்றது. துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு, கெளம்பிட்டியா பொண்ணே என்றாள். ஆமா பெரிம்மா என்று சொல்லிவிட்டு நடந்தாள். எழில் வரும்வரை காத்திருந்து சேர்ந்து போவது வழக்கம். அன்று காத்திருக்கவில்லை. ஆனால் எழில் முன்னாலேயே போய் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். சுவாதி ஏறியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் வேறு இடம் இல்லை. முன்சீட்டுப் பெண்கள் இருவரும் கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுவாதி அந்த சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காருடி," என்றாள் எழில். "இன்னும் கோவமா?"

"கோவம் இல்ல."

"அப்புறம் இன்னா?"

சுவாதி யோசித்துத்தான் சொன்னாள். குரலை ஏற்றவில்லை. முன்சீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"இனிமே உன்கிட்ட எதுனா சொல்றதுன்னா நான் யோசிச்சிச் சொல்லணும் எழில். யோசிச்சிச் சொல்றதுக்கு ஊரே இருக்குது. நீ எதுக்கு?"

எழில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பழைய சுவாதியாக இருந்தால் அந்தத் தோளில் கை போயிருக்கும். கை கம்பியிலேயே இருந்தது. வல்லத்தில் ஏறிய ஓர் அம்மா, காலியாக இருக்குதே, உக்காரலயா பாப்பா என்று கேட்டுவிட்டு, கூடைகளோடு அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

காலேஜ் வாசல் வரை சுவாதி நின்றுகொண்டே போனாள். கால் கடுத்தது. இறங்கி, யாருக்காகவும் நிற்காமல் வகுப்புக்கு நடந்தாள்.